எலும்பர் விட்ட இறைச்சி

ஓர் ஆட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துச் சாப்பிடத் தெரிந்த மனுசர் யாழ்ப்பாணம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எலும்பர். பிள்ளைகள், அவருடைய சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அவருடைய மனுசியே சந்தைக்கு ஆள் அனுப்பினால் "எலும்பரைக் கண்டால் வரச் சொல்லு" என்றுதான் சொல்லிவிடுவா என்று கேள்வி.

உரும்பிராயில் அவருக்கு வெங்காயத் தோட்டம். ஞாயிறு காலையில் மூட்டையைச் சைக்கிளில் கட்டிவந்து பட்டினத்துச் சந்தையில் போட்டுவிட்டு, நேரே இந்தியாக் கடைக்கு வருவார். கடையை நடத்தியவர் இராமநாதபுரத்துப் பக்கம். பெயர்ப்பலகை புகையில் கறுத்து எழுத்துத் தெரியாமல் போனதால் எல்லாருக்கும் அது இந்தியாக் கடை. நான் அப்போது இரண்டு கடை தள்ளிச் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். கலியாணம் ஆகாத காலம். ஞாயிறு மத்தியானம் எனக்கும் அங்கேதான் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும்.

எலும்பர் நல்லி எலும்பை மேசையில் தட்டினால் பஸ் நிலையத்தில் தூங்கும் கொண்டக்டர் எழும்பி மணி அடிப்பான். உள்ளே கிடக்கும் மச்சையை உறிஞ்சி எடுத்த பிறகு அந்த எலும்பை வாசலில் போடுவார். தெரு நாய் வந்து மணந்து பார்த்துவிட்டு, அவமானப்பட்டதுபோல் திரும்பிப் போகும். சட்டைப் பையில் வீட்டுக் கறித்தூளை ஒரு கடதாசிச் சரையில் கட்டி வைத்திருப்பார். முதலாளி சோம்பு போட்டு, தேங்காய் அரைத்து வைத்த குழம்பின்மேல் கூச்சமில்லாமல் அதைத் தூவுவார்.

"அய்யா, என் கொழம்ப இப்படி அவமானப்படுத்தாதீங்க" என்று ஒருநாள் முதலாளி கெஞ்சினார்.

"தம்பி, உன்ரை குழம்பு திறம். ஆனால் ஆடு எங்கடை ஊர் ஆடு. அதுக்கு உந்த மணம் பழக்கமில்லை" என்றார் எலும்பர்.

எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு பெடியன்கள் ஒவ்வொருவராய் வெளிநாடு வெளிக்கிட்டார்கள். எலும்பரும் தன் ஒரே மகனை ஏஜென்சிக்காரன் ஒருவனோடு ஜேர்மனிக்கு அனுப்பினார். போனவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. கடலில் போனான், இல்லை, பனிக்காட்டில் விட்டுவிட்டார்கள் என்று சனம் வாய்க்கு வந்ததைக் கதைத்தது. எலும்பர் ஊர் அம்மன் கோயிலில் போய் விழுந்து ஒரு நேர்த்தி வைத்தார். மகன் சுகமாய் வீட்டுக்கு வந்து சேருமட்டும் ஆட்டிறைச்சி தொடுவதில்லை என்று.

அடுத்த ஞாயிறு அவர் கடைக்கு வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். அதே மேசையில் இருந்து சோறும் பருப்பும் கேட்டார். முதலாளி அகப்பையும் கையுமாய் ஓடிவந்தார்.

"விரதம்னா இங்க எதுக்குய்யா வந்து ஒக்காந்து கஷ்டப்படுறீங்க?"

"இறைச்சியைத்தான் நேர்ந்தனான். மணத்தை நேரேல்லை."

வெறும் குழம்பாவது விடட்டுமா என்று முதலாளி கேட்டார். எலும்பர் சட்டிப் பக்கம் பார்த்தபடி கனநேரம் யோசித்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆடு குளிச்ச தண்ணியும் ஆடுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோழிக்கறி தரலாமே என்றதற்கு அவர் பார்த்த பார்வையில் முதலாளி குசினிக்குள் போனவர் வெளியே வரவில்லை.

அதன்பிறகு அவருக்கு எதிரே இருப்பவன் பாடு திண்டாட்டம். முக்கால்வாசி ஞாயிறு அது நான்தான். கொழுப்புத் துண்டை முதலில் தின்னக்கூடாது, எலும்புக்குப் பக்கத்துச் சதையைப் பல்லால் இழுக்க வேண்டும், கடைசிக் குழம்புக்குக் கொஞ்சம் சோறு மிச்சம் விட வேண்டும் என்று வரிசையாய்ச் சட்டம் சொல்வார். நான் விழுங்கும்போது அவருடைய தொண்டை ஏறி இறங்கும். எனக்கு வெட்கமாயும் கிடக்கும், பாவமாயும் கிடக்கும். வேறு மேசைக்கு எழும்பிப் போகவும் மனம் வராது.

ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு ஞாயிறு அவருடைய மச்சான் கொழும்பிலிருந்து ரயிலால் இறங்கி நேரே கடைக்கு ஓடிவந்தார். பெடியன் ஜேர்மனியில் உயிரோடு இருக்கிறான், டெலிபோனில் கதைத்தான், வேலையும் கிடைத்துவிட்டது என்றார். எலும்பர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தார். முதலாளி குசினிக்குள் ஓடினார். பெரிய நல்லியாய்ப் பார்த்துப் போட்டு, ஆவி பறக்க ஒரு கோப்பைக் கறியைக் கொண்டுவந்து வைத்தார்.

எலும்பர் கோப்பையைக் கையால் பொத்தினார்.

"அவன் வீட்டை வந்து சேருமட்டும் எண்டெல்லோ நேர்ந்தனான்."

"அய்யா, புள்ள நல்லா இருக்கான்ல? அம்மனுக்கு அது புரியாதா?"

"அவவுக்கு விளங்கும். ஆனால் நான் இதைத் திண்டால், அவன் இனி வரமாட்டான் எண்டு என்ரை வாயாலை நானே சொன்ன மாதிரி."

கறி அப்படியே ஆறியது. அப்படியென்றால் மகனுக்கு விசயத்தைச் சொல்லி, ஒருக்கால் வந்து போகச் சொல்லலாமே என்று நான்தான் மெல்லக் கேட்டேன். எலும்பர் திரும்பி, முன்னொருநாளும் இல்லாத கோபத்தோடு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இஞ்சை இருக்கிற உவை எல்லாரும் கேட்கட்டும். என்ரை நேர்த்தி அவன்ரை காதிலை விழப்படாது. அறிஞ்சானெண்டால் அண்டைக்கே வெளிக்கிட்டிடுவான். இஞ்சை இருக்கிற நிலைமைக்கு அவன் வரப்படாது."

மகன் வரவேண்டும் என்று இறைச்சியை விட்ட மனுசன், அவன் வந்துவிடக் கூடாது என்று எங்கள் வாயையும் கட்டினார். நாங்களும் கட்டுப்பட்டோம். பிறகு சண்டை கூடியது. முதலாளி ஊருக்குப் படகேறினார், கடை பூட்டுப்பட்டது. தொண்ணூற்றைந்தில் ஆமி வருகுது என்று எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எலும்பரும் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலில் கிடந்து கண்ணை மூடினார் என்று கனகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். மகன் வரவில்லை. கடைசிவரை அவர் இறைச்சி தொடவில்லை என்றும் சொன்னார்கள்.

சொன்னவர்களுக்கு அது பெருமை. எனக்கென்றால், அந்த மனுசன் ஒருநாளாவது ஒருத்தருக்கும் தெரியாமல் களவாய் ஒரு துண்டு தின்றிருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.