நண்டுக்கு எட்டுச் செருப்பு

“வர்ற ஞாயித்துக்கிழம விழா. உங்க அக்கா பொண்ணு இனியாவக் கண்டிப்பா கூட்டிட்டு வந்துடுங்க. இந்த வருசம் நம்ம கிளையில சிறந்த குழந்தை வாசகர் அவதான்” என்றார் நூலகர் பஞ்சநாதன்.

புருஷோத்தமனுக்கு அக்கா கிடையாது. ஆகவே அக்கா பெண்ணும் கிடையாது.

அரியாங்குப்பத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் டெம்போ ஓட்டுகிற அவன், ‘நண்டுக்கு எட்டுச் செருப்பு’ என்று ஒரு குழந்தைப் பாடல் புத்தகம் போட்டிருந்தான். யாரும் வாங்கவில்லை. முதலியார்பேட்டைக் கிளை நூலகம் மட்டும் இலவசமாகக் கொடுத்த ஒரு பிரதியை வைத்துக்கொண்டது. போன வருசம் அதைப் பார்க்கப் போனபோது, யாரும் எடுக்காத புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டின் உச்சியில் சணல் கயிற்றுக்கடியில் அவனுடைய நண்டு நசுங்கிக் கிடந்தது.

அங்கேயே அதை உருவி எடுத்து, பதிவேட்டில் ‘இனியா, நாலாம் வகுப்பு’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். அவரவர் எடுப்பதை அவரவரே எழுதிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பஞ்சநாதன் செல்போனை விட்டுத் தலை தூக்கமாட்டார். அதன்பிறகு மாசத்துக்கு ஒரு தடவை எடுப்பான், திருப்பி வைப்பான். ஒருநாள் அவர் தப்பித்தவறித் தலையைத் தூக்கி, அந்தப் பெண் ஏன் வருவதே இல்லை என்று கேட்டார். தன் அக்கா பெண்தான், காலை ஒடித்துக்கொண்டாள் என்று சொல்லிவைத்தான்.

“நாப்பத்திரெண்டு தடவ எடுத்திருக்கா. அதுவும் ஒடிஞ்ச காலோட” என்று இப்போது நெகிழ்ந்தார் பஞ்சநாதன்.

புருஷோத்தமன் கணக்கில் பன்னிரண்டுதான் வந்தது. ஆண்டறிக்கைக்காக மனிதர் கூட்டிப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் நண்டு மறுபடியும் சணல் கயிற்றுக்குப் போய்விடும். கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டான்.

முதலியார்பேட்டையில் யாருக்கும் தெரியாத ஒரு குழந்தை வேண்டும். குருசுக்குப்பத்திலிருந்து வந்து கூடையோடு அவன் டெம்போவில் ஏறும் மீன்காரம்மாவின் மகள் சுவேதா அகப்பட்டாள். ஒன்பது வயது. புத்தகம் என்றால் பத்தடி தள்ளி நிற்பவள். ஒருநாள் முழுக்க முன் சீட்டு, ஹாரன் அடிக்கும் உரிமை, இரண்டுக்கும் சத்தியம் வாங்கிக்கொண்டு சம்மதித்தாள்.

மேடையில் கையில் பிடித்திருக்க நூலகப் பிரதியையே எடுத்து வந்து கொடுத்தான். அதை இத்தனை தடவை எடுத்துப்போயும் அவன் திறந்து பார்த்ததில்லை. தான் எழுதியதுதானே. சுவேதா திறந்து முகர்ந்தாள்.

“ஃபினாயில் நாத்தம் அடிக்குது மாமா” என்றவள் படித்தாள்.

நண்டு போச்சு கடைக்கு
நல்ல செருப்பு எடுக்க
எட்டுக் காலுக்கு எட்டுச் செருப்பு
எண்ணித் தந்தார் கடைக்காரர்

அதற்கடியில் ‘எண்ணிச் செய்தல் நன்று, ஏட்டுப் படிப்பும் நன்று’ என்று அவன் எழுதியிருந்த அறிவுரையை யாரோ பென்சிலால் அடித்துவிட்டுக் கீழே கிறுக்கியிருந்தார்கள்:

மிச்சம் ரெண்டு காலு எங்க?
கடைக்காரர் மூக்குல தொங்குதுங்க

சுவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷோத்தமன் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினான். எல்லாப் பாட்டிலும் அறிவுரைக்கு அதே கதி. ரப்பர் எடுத்து வந்தான். அவள் புத்தகத்தைப் பாவாடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

“பென்சில்ல இருக்குறதுதான் மாமா நல்லா இருக்குது. அச்சுல இருக்குறது எங்க மிஸ்ஸு மாதிரியே பேசுது.”

அன்று அரியாங்குப்பம் போய்ச் சேரும்வரை முன் சீட்டில் தலை குனிந்து படித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய இடது காலில் கட்டுப் போட்டுக் கூட்டிப்போனான். அவள் வலது காலை நொண்டிக்கொண்டு மேடை ஏறினாள். கல்வித்துறை அதிகாரி பதறிப்போய்த் தன் நாற்காலியைக் கொடுத்து, பிடித்த பாட்டு ஒன்று சொல்லச் சொன்னார். புருஷோத்தமன் கீழேயிருந்து அச்சில் இருப்பதைச் சொல்லும்படி சாடை காட்டினான். அவள் பென்சிலில் இருப்பதைச் சொன்னாள்.

பந்தலில் இருந்த பிள்ளைகள் ஒருகணம் திகைத்து, அப்புறம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தன. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கத்தின. சுவேதாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினாள். அவிழ்ந்த கட்டு பின்னாலேயே வால்போல் போனது.

அதிகாரிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. எல்லாப் பள்ளிக்கும் இந்தப் புத்தகம் போகவேண்டும், கடைசி வரிகளில்தான் கவிஞர் நிற்கிறார், அவற்றில் கை வைக்கக்கூடாது என்று மைக்கிலேயே அறிவித்தார். புருஷோத்தமன் கழுத்தில் மாலை விழுந்தது; அடக்கமாகக் கும்பிட்டு வைத்தான். பிள்ளைகள் அந்த ஒரே பிரதிக்கு அடித்துக்கொண்டன.

கூட்டம் கலைந்ததும் பஞ்சநாதன் பதிவேட்டோடு அவனை மடக்கினார். ஒடிந்த கால் ஓடியதை அவரும் பார்த்திருந்தார்.

“யாருங்க அந்த இனியா?”

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான் புருஷோத்தமன். “ஆனா நான் எடுத்தது பன்னெண்டு தடவதான் சார். மீதி முப்பத நீங்கதான் எழுதியிருப்பீங்க.”

“நான் எதுக்கய்யா எழுதப்போறேன்? அப்ப அந்த முப்பது யாரு?”

நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் வீராயி, ஃபினாயில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நான்தான் தம்பி. எனக்கு ஏது கார்டு, அதான் அந்தப் பொண்ணு பேர்லயே எழுதிக்கினேன். பென்சிலு வேற தேஞ்சு போச்சு, அடுத்த புக்கு எழுதுறதுக்குள்ள புதுசா ஒண்ணு வாங்கிக் குடு.”