துட்டிக்குப் புறப்பட்ட கப்பல்

எப்போதும்வென்றான் ஊர்க்காரர் காசிராஜனைக் கண்ணபிரான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில். இலையை மடிக்காமல் இரண்டாம் தடவையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை கிடையாது, இரத்தக்கொதிப்பு கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அப்படிப்பட்ட மனுசனை அடுத்த வாரமே கண்ணபிரான் கொன்றுவிட்டார்.

வாயால்தான். காரணம், ஒரு கப்பல்.

கண்ணபிரானின் மகள் இந்துஜா தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சரக்கு ஏற்றும் கப்பல் அல்ல. ஆட்கள் ஏறி, தின்று, தூங்கி, கடலைச் சுற்றிவிட்டு வருகிற உல்லாசக் கப்பல். புதிதாக ஒன்று வந்து நின்றது. டிக்கெட் விற்கத் தொடங்கும் முன் அங்கே வேலை பார்ப்பவர்களின் வீட்டாரை ஏற்றி ஒரு வெள்ளோட்டம் விடுகிறார்கள். சாயங்காலம் புறப்பட்டால் மறுநாள் கரை. வீட்டுக்கு இரண்டு பேர்.

"எப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க" என்றாள் போனில்.

"அம்மாவுக்கு டவுன் பஸ்ஸே ஒத்துக்காது தாயி. கப்பல் எங்க ஒத்துக்கப்போகுது? நான் மட்டும் வாரேன். அவகிட்ட மூச்சு விடாத."

கண்ணபிரானுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மனைவி ரெங்கம்மாள் மேல் பிரியம் உண்டு. ஆனால் அவளோடு போய் எதையும் ஆச்சரியமாகப் பார்க்க முடியாது. கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குப் போனார்கள். மெயின் அருவி இடி மாதிரி விழுகிறது. கண்ணபிரான் 'ஆ' என்று வாயைத் திறந்தார். "இம்புட்டுத் தண்ணியையும் பாறையில ஊத்தி வீணடிக்காங்களே, நம்ம கம்மாய்க்கு ஒரு வாய்க்கா வெட்டிவிட்டா என்ன?" என்றாள் ரெங்கம்மாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. கழுகுமலையில் பாறையைக் குடைந்த கோயிலைப் பார்த்தபோது, "இதைச் செதுக்குனவன் வீட்டுக்கு ஒரு அம்மி கொத்திக் குடுத்திருப்பானா?" என்றாள். இடைசெவல் பக்கத்தில் முதல் மின்சாரக் காற்றாடி எழுந்து நின்று சுற்றியபோது ஊரே அண்ணாந்து பார்த்தது. "இந்தக் காத்துல வத்தல் காயப்போட்டா பறந்திரும்" என்றாள்.

அறுபதை நெருங்கும் வயதில் அவருக்கு ஒரே ஆசைதான் மிச்சம். ஏதாவது ஒரு பெரிய பொருளைப் பார்த்து வாயைத் திறக்க வேண்டும். திறந்த வாய் திறந்தபடியே ஒரு சாயங்காலம் முழுக்க நிற்க வேண்டும்.

ஆனால் ஒரு ராத்திரி வீட்டில் இல்லாமல் இருக்கக் காரணம் வேண்டும். கல்யாணம் என்றால் அவளும் கிளம்புவாள். சந்தை என்றால் சாயங்காலம் திரும்ப வேண்டும். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிறேன் என்றால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். எப்போதும்வென்றான், தூத்துக்குடி போகும் வழியிலேயே இருக்கிறது. காசிராஜனின் விதி அப்படி.

கப்பல் புறப்படும் நாள் காலையில் கண்ணபிரான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, எப்போதும்வென்றான் காசிராஜன் போயிட்டாராம்."

ரெங்கம்மாள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"எங்க போயிட்டாரு?"

"எங்கன்னு கேக்கியே! ஒரேயடியாத்தான். நெஞ்சுவலியாம். பல் தேச்சுக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சிட்டாராம்."

பல் தேய்த்ததைச் சேர்த்தால் நம்புவாள் என்று நினைத்தார். ரெங்கம்மாள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல மனுசன். சரி, நானும் பொறப்படுதேன்."

"நீ எதுக்கு மூட்டுவலியோட? நான் போயி, ராத்திரி அங்கனயே கெடந்து, நாளைக்குக் காரியத்தையும் முடிச்சிட்டு வந்திருதேன்."

"அப்ப ஊர்ல சொல்லி ஒரு வேன் பிடிக்கச் சொல்லுதேன். பத்துப் பேராவது போனாத்தான் மருவாதி."

"வேனா? வேண்டாம் வேண்டாம். அங்கன தண்ணிக் கஷ்டம்."

"துட்டிக்கும் தண்ணிக்கும் என்ன?"

"போனவுக குளிக்க வேண்டாமா?"

"அதுஞ்சரிதான்" என்று உடனே ஒத்துக்கொண்டாள். அவள் உடனே ஒத்துக்கொண்டதும் கண்ணபிரான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. "கோடி எடுக்கணும்லா?" என்று அடுத்ததைக் கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காசிராஜன் மனைவி செல்வலட்சுமி அவருடைய சித்தப்பா மகள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. புருசன் செத்தவளுக்குப் புதுச் சேலை, அந்தக் கோடிச் சேலை, பிறந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பிறந்த வீடு என்று இன்றைக்கு மிஞ்சியிருப்பது கண்ணபிரான் ஒருவர்தான். கொல்ல ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கோடி போட வேண்டிய இடத்திலா கை வைப்பது?

கோவில்பட்டியில் ஜவுளிக்கடைக்கு ரெங்கம்மாள் கூடவே வந்தாள். கண்ணபிரான் ஒரு நூல் சேலையைத் தொட்டார். அவள் அதை ஒதுக்கிவிட்டு அரக்கு நிறத்தில் சரிகைக் கரை போட்ட பட்டுச் சேலையை எடுத்தாள்.

"கோடிக்கு எதுக்குட்டி இம்புட்டுச் சரிகை?"

"பொறந்த வீட்டு மானம் உங்களுக்கு வேண்டாம்னா, நூல் சேலையையே எடுங்க."

பட்டு பைக்குள் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தாள். தூத்துக்குடி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம் உரக்கச் சொன்னாள்: "அண்ணாச்சி, இவிய துட்டிக்குப் போறாவ. துக்கத்துல இறங்க மறந்திருவாவ. எப்போதும்வென்றான்ல இறக்கிவிட்டிருங்க."

கண்டக்டர் கடமை தவறாதவர். எட்டயபுரம் தாண்டியதிலிருந்து பஸ்ஸே கண்ணபிரானைப் பரிதாபமாகப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். தூத்துக்குடிக்கு டிக்கெட்டை நீட்டிக்கொள்ளலாம் என்று அவர் யோசிப்பதற்குள் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "துட்டி வீட்டுக்காரர் இறங்குங்க!"

இறங்கினார். எதிரே, யாரையோ எதிர்பார்த்து நிற்பவர் மாதிரி, காசிராஜன் நின்றார். கையில் டீ கிளாஸ்.

"வாங்க மச்சான்! யாரு வீட்ல துட்டி?"

"அது... வேண்டியவருதான் மாப்ள."

"அடப்பாவமே. எனக்குத் தெரிஞ்சவரா?"

"நல்லாத் தெரியும்... அதாவது, தெரியாது."

"என்ன செஞ்சுச்சாம்?"

"பல் தேச்சுக்கிட்டு இருந்தாராம்" என்றார் கண்ணபிரான், வேறு ஒன்றும் தோன்றாமல்.

காசிராஜன் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். செல்வலட்சுமி வாசலுக்கே ஓடிவந்தாள். பார்வை நேராகப் பைக்குப் போனது.

"என்னண்ணே, எனக்குச் சேலையா?"

"இல்ல தாயி, அது வந்து..."

அதற்குள் பிரித்துவிட்டாள். அரக்குப் பட்டு வெயிலில் மின்னியது. அவள் கண் நிறைந்துவிட்டது. "எங்கண்ணன் என்னைய மறக்கலன்னு எனக்குத் தெரியும்" என்று தோளில் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாப்பிட உட்கார்ந்தார்கள். கட்டிய புருசன் பக்கத்தில் குத்துக்கல்லாக உட்கார்ந்து ரசம் கேட்கிறார்; பெண்டாட்டி தோளில் அவருக்காக எடுத்த கோடி. கண்ணபிரானுக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. காசிராஜன் ஒருமுறை இருமினார். கண்ணபிரான் கழுகுமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். சோறு, மோர், அதன்பின் காப்பி என்று ஒவ்வொன்றாக முடித்து அவர் பஸ் ஏறும்போது உச்சிப்பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது.

துறைமுக வாசலில் இந்துஜா கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, "நேரா போங்கப்பா" என்று அனுப்பினாள். ஒரு கொட்டகையைச் சுற்றித் திரும்பினார்.

அங்கே கப்பல் நின்றது.

முதலில் அது கப்பல் என்று அவருக்குப் புரியவில்லை. ஏதோ வெள்ளைச் சுவர் என்று நினைத்தார். சுவர் முடிகிற இடத்தைத் தேடிக் கண்ணை உயர்த்தினார். உயர்த்திக்கொண்டே போனார். கழுத்து நொடித்தது. கழுகுமலையை அடியோடு பெயர்த்து, வெள்ளையடித்து, ஆயிரம் ஜன்னல் வைத்துத் தண்ணீரில் இறக்கினால் எப்படி இருக்கும்? அது அசைந்தது. அவ்வளவு பெரிய பொருள், தொட்டில் அசைகிற மாதிரி, லேசாக. கண்ணபிரானின் வாய் மெல்லத் திறந்தது. இத்தனை வருசம் காத்திருந்த வாய். நன்றாக, கடைவாய்ப் பல் தெரிய...

"ஈ போயிரப்போகுது. மூடுங்க."

பின்னால் ரெங்கம்மாள் நின்றாள். கழுத்தில் அதே அட்டை. அதில் அவள் படம்.

"நீ... எப்படிட்டி..."

"அடுத்த பஸ்ல. நீங்க தங்கச்சி வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. ஜன்னல் வழியா அந்த வீட்டைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன்."

"இந்துஜா சொல்லிட்டாளா?"

"உங்ககிட்டப் பேசி முடிச்ச கையோட எனக்குப் போட்டுட்டா. நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க என்னன்னா காசிராஜன் அண்ணனைக் கொன்னுட்டு வந்து நிக்கீங்க."

"அந்தச் சேலை..."

"அதுக்கென்ன? ரெண்டு பொங்கலா அவளுக்குப் பொறந்த வீட்டுச் சீர் போகல. கேட்டா மழை இல்ல, மகசூல் இல்லங்கீங்க. உங்களை பஸ் ஏத்திவிட்டுட்டுச் செல்வலட்சுமிக்குப் போன் போட்டேன். அண்ணன் சீர்ச் சேலை கொண்டாராவ, பந்தியப் போட்டு நல்லா உக்கார வையின்னு. புருசன் செத்தாக் கோடி. இருந்தாச் சீர். சேலை ஒண்ணுதான?"

கண்ணபிரான் கப்பலை மறுபடி அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கப்பலின் ஆச்சரியம் போய்விட்டது. குற்றாலம் போன மாதிரியே. மேல்தட்டுக்கு ஏறும்வரை அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்றுதான் நடந்தார்.

கப்பல் நகர்ந்தது. கரை விலகியது. உப்பளங்கள் வெள்ளைப் புள்ளிகளாகி மறைந்தன. பிறகு நான்கு பக்கமும் தண்ணீர். சூரியன் கரைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது; கடல் முழுக்கச் செம்பை உருக்கி ஊற்றியிருந்தது. ரெங்கம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணபிரான் காத்திருந்தார். இப்போது சொல்வாள், இதோ சொல்வாள். சொல்லவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார்.

ரெங்கம்மாளின் வாய் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. மூட்டுவலியை மறந்து கால்விரல் நுனியில் நின்றாள். அவளை இப்படி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கடலைக் காட்டிலும் அது பெரிதாக இருந்தது. அவருக்கு என்னமோ செய்தது. ஏதாவது பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"ஒரு வரப்புக்கூட இல்ல, பாத்தியா? இம்புட்டும் புஞ்சையா இருந்தா எத்தனை மூடை கம்பு விளையும்..."

"பேசாம இருங்க" என்றாள், திரும்பாமல். "ஒரு பொருளைக் கண்ணாரப் பாக்க விடுதீங்களா?"

அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் கடலைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். மறுநாள் இறங்கும்போது, கப்பல் பெயர் போட்ட வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள், அறைக்கு ஒன்று.

அதை மாட்டிக்கொண்டுதான் ரெங்கம்மாள் இப்போது பருத்தி எடுக்கப் போகிறாள்.