பாலம் கேட்டோம், பார்வை கொடுத்தார்கள்

அபர்கெல்லி, நடு வேல்ஸ்
14 நவம்பர் 2002

அன்புள்ள தம்பி எம்ரிஸுக்கு,

உன் அக்கா எலினெட் எழுதுவது. டொராண்டோ பனியில் நீயும் மனைவி மக்களும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே மழை சுகம், ஆறு சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் அத்தான் மெய்ரிக் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

வேல்ஸுக்கென்று சொந்தச் சட்டசபை வந்தபின் நாடு எப்படி முன்னேறுகிறது என்று கேட்டிருந்தாய். ஐந்து வருஷத்துக்கு முன், அந்தச் சபை வேண்டுமா என்ற வாக்கெடுப்பு வாரத்தில் தினமும் போன் போட்டு, "ஆமான்னு போடுக்கா, லண்டன்காரனுக்கு நம்ம ஊரு எங்க இருக்குன்னே தெரியாதுக்கா" என்று என் உயிரை வாங்கினாயே, அந்த உரிமையில் கேட்கிறாய். நானும் போட்டேன். மயிரிழையில் ஜெயித்தோம். அந்த மயிரிழையே நான்தானோ என்று இப்போது பயமாக இருக்கிறது. லண்டன்காரனுக்கு நம் ஊர் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். நம் தலைநகர் கார்டிஃப்காரனுக்குத் தெரியும், வந்து சேர வழிதான் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் நம் பாலத்தின் நடுத்தூண் விரிசல் விட்டது. மூன்று டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு வைத்தார்கள். மாவு லாரி அக்கரையிலேயே நின்றுவிடும். அத்தான் பழைய வேனில் நாலு நாலு மூட்டையாக இழுத்து வருவார். என் ரொட்டிக்கடையில் பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். அதை விட்டால் ஊரில் ஆடுகள்தான். ஆடுகள் யாரையும் வேலைக்கு வைப்பதில்லை. 'பாலத்தைச் சரிசெய்து தாருங்கள்' என்று ஒற்றை வரியில் புது அரசாங்கத்துக்கு எழுதினேன். நாலு மாதம் கழித்து, 'தங்கள் தொலைநோக்குப் பார்வையை அறிய வருகிறோம்' என்று பதில். என் கண்ணைப் பரிசோதிக்க வருகிறார்கள் என்றார் அத்தான்.

வந்தவர் பொருளாதார வளர்ச்சித் துறை அதிகாரி, ப்ரோத்தரோ என்று பேர். சொந்த நாட்டுக்குள் தெற்கிலிருந்து நடுவுக்கு வர, ரயிலில் இங்கிலாந்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். தேவாலயக் கூடத்தில் எங்கள் நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்.

"இன்னும் பத்து வருஷத்துல அபர்கெல்லி எப்படி இருக்கணும்? தயங்காம கனவு காணுங்க."

"பாலம்" என்றார் அத்தான்.

"அது தேவைங்க. நான் கேக்கறது கனவு."

"கனவுலயும் பாலந்தான்யா வருது. வந்து இடிஞ்சு விழுது."

நாற்பத்தொரு தாளிலும் பாலம். அத்தனையையும் சுவரில் ஒட்டி, மேலே பெரிதாக 'இணைப்பு' என்று எழுதினார் மனுஷன். எட்டு மாதம் கழித்து இருநூறு பக்க அறிக்கை வந்தது. அட்டையில் ஒரு பெண் ஆட்டுக்குட்டியோடு சிரிக்கிறாள். பெண் நம் ஊர் இல்லை; ஆடும் நம் ஊர் இல்லை என்று அத்தான் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இணைப்பு என்றால் இன்டர்நெட் என்று புரிந்துகொண்டு, முப்பது கம்ப்யூட்டரோடு புதுமை மையம் ஒன்று கட்ட உத்தரவு. சிமென்ட் லாரி பாலத்தைத் தாண்ட முடியாதே? அதனால் அக்கரையில், ஆட்டு மேய்ச்சலுக்கு நடுவில் கட்டினார்கள்.

ப்ரோத்தரோவுக்குப் போன் போட்டேன். "ஏங்க, பாலம் என்னாச்சு?"

"அது வேற தலைப்புங்கம்மா. பாலத்துக்கு ஐரோப்பிய உதவி ஏழை வட்டாரத்துக்குத்தான் கிடைக்கும். உங்க வட்டாரம் ஏழ்மைக் கோட்டுக்கு ஒரு துளி மேல இருக்கு."

"யாரு அவ்வளவு மேல தூக்கினது?"

"உங்க கடைதாங்கம்மா. பதினாலு பேருக்கு வேலை குடுத்திருக்கீங்களே."

"அப்ப கடைய இழுத்து மூடிட்டா?"

"மூடினா தாராளமா கிடைக்கும்."

"பாலம் வந்தப்புறம் அதுல எதைக் கொண்டுபோறது?"

"புதுசா தொழில் தொடங்கத் தனி உதவி இருக்குங்கம்மா. ரொட்டிக்கடைகூட வைக்கலாம்."

போன மாதம் மையத்தின் திறப்பு விழா. விருந்தினருக்கு இருநூறு துண்டு பாரா ப்ரித், நம் உலர்பழ ரொட்டி, என்று எனக்கே ஆர்டர். மனசார சுட்டு, இக்கரையில் பாலத்து முனையில் மேசை போட்டு அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ப்ரோத்தரோ மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, அந்தப் பக்கம் கொண்டுவாங்கம்மா!"

"போர்டு இருக்குல்ல. என் ரொட்டி கனமான ரொட்டிங்க. வேணும்கிறவங்க வந்து சாப்பிடட்டும்."

கடைசியில் மையத்தைத் திறக்க வந்த மந்திரியம்மாவே குதிகால் செருப்போடு பாலத்தில் நடந்து வந்தார். நடுவில் வரும்போது ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "இத ஏன் யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னமேம்மா, மஞ்சத் தாள்ல" என்றார் அத்தான்.

இரண்டு துண்டு சாப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடனே நடவடிக்கை எடுக்கறேன்" என்றார். பொய் சொல்வானேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைப் பெண்களிடம் விடிவு வந்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை நடவடிக்கையும் வந்தது. நாலு ஆட்கள் கான்கிரீட் கட்டைகளை இறக்கி, பாதுகாப்புக் கருதி எந்த வண்டியும் போகாதபடி பாலத்தை அடைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வேனும் போகாது. மாவு மலைச்சாலையில் இருபத்திரண்டு மைல் சுற்றி வருகிறது, வந்தால். போன வெள்ளிக்கிழமை நாலு பேரை நிறுத்திவிட்டேன், தம்பி. அதில் ஓல்வென் பத்தொன்பது வருஷமாக என்னோடு மாவு பிசைந்தவள். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "பரவால்லக்கா. இப்ப நம்ம ஊருக்கு அந்த உதவிக்குத் தகுதி வந்திருக்கும்ல?" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ப்ரோத்தரோ டை கட்டாமல், யாரும் கூப்பிடாமல் வந்தார். மலைச்சாலையில் சுற்றி வர மறுத்து அக்கரையிலேயே நின்ற லாரியிலிருந்து பதினோரு மூட்டைகளைத் தோளில் சுமந்து பாலத்தைக் கடந்து கொண்டுவந்து போட்டார். டீ கொடுத்தேன், தலை நிமிராமல் குடித்தார். நல்ல மனுஷன். அயோக்கியனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஆகவே, நாட்டு முன்னேற்றம் பற்றி இனி என்னிடம் கேட்காதே. ஓட்டு என்று எவனாவது வாசலுக்கு வந்தால் சூடான தட்டோடு நிற்பேன். சபையை மூடிச் சாவியை ஆற்றில் போட்டாலும் எனக்குச் சம்மதமே.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், உறுதியான பாலங்களுக்குப் பக்கத்திலும் வாழ ஆசீர்வாதம்.

அன்பு அக்கா,
எலினெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை கடைக்கு வந்த ஒரு இங்கிலீஷ்காரன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஆளத் தெரியாதுன்னு இப்பவாவது புரிஞ்சுதா? சபைய மூடிட்டு எங்ககிட்டயே குடுத்துடுங்க" என்றான். ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "எழுநூறு வருஷம் உங்க கையிலதானே இருந்துச்சு, ஒருத்தனாவது வந்து எட்டிப் பாத்தீங்களா? எங்க மந்திரி நடந்தாவது வந்தா. அவளத் திட்ட நாங்க இருக்கோம், நீ கெளம்பு!" என்று கத்தினேன். ரொட்டி வாங்க நின்ற கூட்டமே கை தட்டியது. அந்த வேகத்தில் மே மாதச் சபைத் தேர்தலில் நிற்பதாகச் சொல்லிவிட்டேன். "ஜெயிச்சு வந்தா பாலத்துக்கு என்ன பண்ணுவ?" என்று அத்தான் கேட்டார். "மொதல்ல ஒரு ஆய்வுக் குழு போடணும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், தம்பி.