லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஒரு கிழவியின் மானம் போன கதையைக் கேட்க இப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், வீட்டில் அடுப்பை யார் பார்ப்பது? சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆனால் எதிர்வீட்டு அஞ்சலையிடம் போய் விசாரிக்காதீர்கள். அவளிடம் நான் சொல்லியிருப்பது வேறு.

மூன்று வருடம் முன்பு, ஆயுத பூஜை. எங்கள் பாகூர் பக்கம் அன்றைக்குப் பொட்டில்லாத பொருளே கிடையாது. மண்வெட்டி, அருவாள், பம்ப்செட் மோட்டார், மிக்ஸி, மகன் ஏழுமலையின் பைக் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. அதற்கு முந்தின வருடம் டி.வி.க்கு நட்டநடுவில் வைத்துவிட்டேன். (கிரிக்கெட்டுல பந்து எது, பொட்டு எதுன்னு தெரியலன்னு ஏழுமலை ஒரு வாரம் கத்தினான்.) அதனால் இந்தத் தடவை இடம் பார்த்துத்தான் வைத்தேன்.

பேத்தி பவித்ராவின் லேப்டாப்பைத் திறந்தேன். எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே வழவழவென்று கட்டமாக ஓர் இடம். ஒரு எழுத்து இல்லை, ஒரு பொத்தான் இல்லை. வேறு எதற்கு விட்டிருப்பார்கள்? நெற்றிதான். தாராளமாகச் சந்தனம் வைத்தேன். மூடியின் மேல்விளிம்பில் கடுகு போல ஒரு கண் தெரிந்தது. பாவம், அதற்கும் ஒரு துளி குங்குமம்.

சந்தனம் வழிந்தது. பவித்ராவின் காலடிச் சத்தம் வேறு கேட்டது. கட்டைவிரலால் ஒரே இழுப்பாக இழுத்து வழித்தேன். நெற்றி சுத்தமாகிவிட்டது. வழித்த சந்தனம் எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. மேலே வைத்ததை மறந்தே போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு அந்த லேப்டாப்பில்தான் கம்பெனிப் பரீட்சை. வீட்டிலிருந்தே செய்கிற உத்தியோகம். இது கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போய் வேலை தேடுவது என்று முடிவாகியிருந்தது. (அவ போயிட்டா நான் யார்கிட்ட சண்ட போடறது?)

ஒன்பது மணிக்குத் திறந்தாள். திரையில் அம்புக்குறி அடிபட்ட ஈ மாதிரி சுற்றியது. இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் நகராமல் நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"இன்னாப்பா ஆச்சு இதுக்கு? அழுத்துனா கிளிக்கே வுழல!"

"டிரைவர் போயிருக்கும்டி. புதுசா போட்டாதான் சரியாவும்," என்றான் ஏழுமலை.

"வண்டியே நவுரல, டிரைவரை மாத்தி இன்னாடா பண்ணப் போற?" என்றேன். குற்றவாளி வாயைத் திறக்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவளுடைய மவுஸின் ஒயரை நிஜ எலி கடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வில்லியனூர் ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டால், பொட்டு வைத்துப் பூட்டிய கடையை நாளைக்குத்தான் திறப்பாராம். ஏழுமலை நிறுத்தினான், போட்டான், மறுபடி நிறுத்தினான். லேப்டாப் சூடானது. வாசனை கிளம்பியது.

"எம்மா, இன்னா கோயில் வாசன வருது?" என்றான் ஏழுமலை.

பவித்ரா குனிந்து லேப்டாப்பை முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆயா, இதுக்குமா வெச்ச?"

"நெத்தின்னு நெனச்சன்டி."

திட்டியிருந்தால் நான் இரண்டு சேர்த்துத் திட்டியிருப்பேன். அவள் அழுதாள். மணி ஒன்பது நாற்பது.

ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். நண்டுக் காலில் சதை எடுக்கிற பொறுமையோடு அந்தக் கட்டத்தைச் சுற்றிக் கிளறினேன். காய்ந்த சந்தனம் பிஸ்கட் தூள் மாதிரி வந்தது. நாலு பக்கமும் முடித்து, ஊதி, ஒரு அழுத்து அழுத்தினேன். 'டொக்.'

"வுழுது ஆயா!" இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தாள். பக்கம் வாய்க்கால் தண்ணீர் போல ஓடியது.

பரீட்சைக்கு முன்னால் முகத்தைக் காட்டச் சொன்னது. திரை முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது.

"மேலயுமா?" என்றாள்.

முந்தானையில் எச்சில் தொட்டு, எட்டி அந்தக் கடுகுக் கண்ணைத் துடைத்தேன். கண் தெளிந்ததும் அது படக்கென்று போட்டோ எடுத்துக்கொண்டது. நாக்கு ஒருபக்கம் துருத்த, மூக்குத்தி மின்ன, நான். மாற்ற வழியில்லை, பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன். "பாஸ் பண்ணியிருக்கீங்க. ஆனா போட்டோவுல யாரோ வயசானவங்க இருக்காங்களே?"

பவித்ரா ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரமானது. மறுபடி வீடியோவில் கூப்பிட்டு, அவள் முகத்தையே பார்த்துக் கேள்வி கேட்டு, வேலை கொடுத்தார்கள். இப்போது கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். தினமும் சண்டை உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாளே லேப்டாப் பீரோவுக்குள் போய்விடும். நான் பீரோவுக்குப் பொட்டு வைக்கிறேன்.

வேலை கிடைத்த அன்றே அஞ்சலை மோப்பம் பிடித்து வந்தாள். "எப்டிக்கா கெடச்சுது?"

"பரீட்ச எழுதனது நானாச்சே."

"போக்கா! உனுக்கு உம் பேரே எழுத வராது."

"நம்பாட்டி கம்பெனிக்காரன கேளு," என்றேன். "போட்டோவுல யாரு இருக்கான்னு அவனே சொல்லுவான்."