கேராஃப் இஸ்திரி வண்டி, நீலசந்திரா

தொண்ணூறுகளில் பிழைப்பு தேடி பெங்களூரில் வந்து இறங்கிய தமிழர்களில் பாதிப் பேர் நீலசந்திராவில் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம். காகிதத்தில். பத்துக்குப் பத்து ஷீட் வீடு அது. அதில் உடம்போடு இருந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேராஃப் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கூடக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். புது ஊரில் வேலை எப்படியாவது கிடைத்துவிடும், சோறு கிடைத்துவிடும், முகவரி மட்டும் கிடைக்காது. வாடகைக்கு விடுகிற ஓனர் முதல் நாளே, என் அட்ரஸை எதிலும் எழுதாதே என்று சொல்லிவிடுவார். கேராஃபின் ஓனர் மைசூரில் இருந்தார். அது போதாதா? ரேஷன் கார்டு, கேஸ், ஊரிலிருந்து வருகிற கடிதம் எல்லாவற்றுக்கும் எங்கள் விலாசம் அந்த வண்டிதான்.

ஒருமுறை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அந்த வீட்டு நம்பரில் இருந்த முப்பத்தேழு பெயர்களையும் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு கரி மூட்டை. இத்தனை பேரும் எங்கேயப்பா படுக்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். கேராஃப் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஷிப்ட் சார்" என்றார். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இலவசமாக முகவரி தந்தவர் அதற்கு வட்டியாக எங்கள் கடிதங்களை எல்லாம் படித்தார். இன்லண்டின் ஓரத்தில் தண்ணீர் தொட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தால் பசை விட்டுவிடும். படித்துவிட்டு மறுபடி ஒட்டி, வேட்டியை மடிப்பதுபோல மடித்துத் தருவார். ஊர்க் கடிதம் எங்களுக்கு விறைப்பாக, இளஞ்சூட்டோடுதான் வரும். பிரிச்சியாண்ணா என்று கேட்டால், "கசங்கி இருந்துச்சு, நீவி விட்டேன்" என்பார்.

கடிதத்தைக் கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். நல்ல செய்தி என்றால் காலையிலேயே கூப்பிட்டுத் தருவார். பணம் கேட்டு வந்திருந்தால் சம்பளம் வாங்கிய மறுநாள். சாவுச் செய்தி என்றால், "முதல்ல சாப்டு" என்பார். அந்த வார்த்தை தெருவுக்கே தெரியும். ஒருநாள் சித்ரான்னம் மீந்துபோய்விட்டதே என்று பிளம்பர் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லித் தொலைத்தார். அந்த மனிதர் அம்மா, அம்மா என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஊரில் நன்றாகத்தான் இருந்தார். சித்ரான்னத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

நான் எட்டாவதோடு நின்றவன். பஸ் நேரத்துக்கு வந்தால்கூட ஏன் நேரத்துக்கு வந்தது என்று கவலைப்படுகிறவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆடுகோடியில் பஸ் பிடித்துப் போய்வந்தேன். மேஸ்திரி என்றைக்கு விரட்டுவானோ என்று தினமும் பயம். ஊரில் அப்பா, பக்கத்துச் சர்க்கரை மில்லில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். ஆள் எடுக்கும்போது எழுதுகிறேன் என்றிருந்தார். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் வண்டிக்கு முன்னால் நின்று, எனக்கு ஏதாவது வந்ததா என்று கேட்பேன். வரல தம்பி என்பார்.

ஒருநாள் காலையில் கூப்பிட்டுக் கொடுத்தார். மடிப்புக் கலையாத கடிதம். ஆள் எடுக்கிறார்கள், பத்து நாளைக்குள் வந்து சேர் என்று அப்பா எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். பதினேழு நாள் ஆகியிருந்தது.

"எப்பண்ணா வந்துச்சு இது?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ஏன் குடுக்கல?"

"குடுத்தா நீ போயிருப்ப."

"போறதுக்குத்தானண்ணா எழுதியிருக்காரு."

"ஊருக்குப் போனவன் ஒருத்தனாச்சும் திரும்பி வந்திருக்கானா, சொல்லு" என்றார். ஏதோ நான்தான் தப்புச் செய்தமாதிரி பெட்டியை அழுத்தித் தேய்த்தார்.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். ஊர் எல்லையிலேயே என் சித்தப்பா மகன் மில் யூனிஃபார்மில் எதிரே வந்தான். இந்த இடத்தில், பிறகு அந்த மில்லை மூடிவிட்டார்கள், எல்லாம் நல்லதற்குத்தான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மூடவில்லை. இன்றும் ஓடுகிறது. அவன் மாடி வீடு கட்டிவிட்டான். நான் பாத்திரத்துக்கே திரும்பி வந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பி வந்த முதல் ஆள் நான்தான். அதை அவரிடம் போய்ச் சொல்லக்கூடப் பிடிக்கவில்லை. ஈஜிபுராவில் வீடு பார்த்துக்கொண்டேன். எட்டு வருஷம் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதற்குள் கேன்டீனில் சாம்பார் வரைக்கும் உயர்ந்திருந்தேன். கல்யாணம் ஆகி, சொந்தப் பெயரில் ரேஷன் கார்டும் வந்திருந்தது. யாரிடம் விசாரித்தாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேராஃப் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் இஸ்திரிப் பெட்டி. மைசூர் ஓனர் செத்துப்போய், பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்களாம். ஷீட் வீட்டை இடித்துவிட்டு பி.ஜி. ஹாஸ்டல் கட்டுகிறார்களாம். சிவாஜிநகர் பக்கம் யாருடைய கடையிலோ படுத்துக்கொள்கிறாராம்.

"உன் கேராஃப்ல என் பேரப் போட்டுக்கட்டா தம்பி?"

எட்டு வருஷமாக வைத்திருந்த கோபம். "உனக்கு யாருண்ணா லெட்டர் போடப்போறா?" என்றேன்.

"யாரும் போட மாட்டாங்க. ஆனா எங்கயாச்சும் இருக்கேன்னு ஒரு பேப்பர்ல இருக்கணுமில்ல."

எத்தனையோ பேருடைய கடிதங்களை நீவிய அந்தக் கையில் அவருக்கென்று ஒரு கடிதம் இருந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குடியாத்தத்தில் ஓர் அண்ணன், அவரோடு பேச்சு இல்லை. அவ்வளவுதான் தெரியும். சரி போட்டுக்கோ என்றேன். அன்றைக்கே என் விலாசத்தைப் போட்டு அந்த அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டார். அதன் பிறகு வாராவாரம் ஞாயிறு வந்து, எனக்கு ஏதாவது வந்துச்சா என்பார். வரலண்ணா என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மறைப்பானேன்.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, குடியாத்தத்திலிருந்து ஓர் இன்லண்டு வந்தது. எனக்குத்தான் எதற்கும் பயமாயிற்றே. என்னவோ ஏதோ என்று ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. ஓரத்தில் தண்ணீர் தொட்டு, வீட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். அடுத்தவங்க லெட்டராச்சே என்றாள் மனைவி. அவருடைய அண்ணி எழுதியிருந்தார். நாலே வரி. கார்டு போய்ச் சேருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அண்ணன் இறந்துபோய்விட்டார்.

உடனே சிவாஜிநகருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. புதனும் வியாழனும் போயின. அவர் எங்கே படுத்திருக்கிறாரோ, என்ன சாப்பிட்டாரோ, இதைக் கையில் வாங்கியதும் யார் பக்கத்தில் இருப்பார்களோ. ஞாயிறு வரட்டும் என்று ஒட்டி, நீவி, பீரோவில் வைத்தேன்.

ஞாயிறு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, எனக்கு ஏதாவது வந்துச்சா என்றார்.

"முதல்ல சாப்டுண்ணா" என்றேன்.

கேராஃப் என் முகத்தையே பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது தடவை சோறு போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன்.