பதினாறு எழுத்துக்குள் ஒரு கடை

கடைப் பெயர்களைப் பதிய அந்த அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. அதற்கு ஒரு கையேடும் இருந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தும் பேச்சுவார்த்தை இல்லை, பங்காளிகள் மாதிரி. பெயர் நாற்பது எழுத்துவரை இருக்கலாம் என்றது கையேடு. மென்பொருளோ பதினாறுக்கு மேல் விழுங்காது.

கையேட்டை எழுதியவரின் அக்கா தையல்காரி. தம்பி எழுத்தை நம்பிப் பலகை எழுதி மாட்டிவிட்டாள்: ‘அழகாகவும் அளவாகவும் கிழியாமல் தைத்துத் தரும் தையலகம்’. மென்பொருள் துப்பிவிட்டது. பதியாத கடையைத் திறக்கக் கூடாது. தையல் இயந்திரம் பூட்டிய கடைக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது, வீட்டில் உலையும்தான்.

“உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்டா,” என்றாள்.

தம்பி மேலாளரிடம் ஓடினார்.

“ஐயா, கையேட்டுல நாற்பதுன்னு இருக்கு. பதினாறுன்னு திருத்தணும்.”

“கையேட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது யாரு?”

“நீங்கதான்.”

“அப்புறம் எப்படிய்யா தப்பா இருக்கும்?”

எனினும் பொதுநலன் கருதி, அக்கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, அப்பரிசீலனையும் பரிசீலிக்கப்பட்டு, ஒரு திங்கட்கிழமை கையேடு பதினாறுக்கு இறங்கி வந்தது. அதே திங்கட்கிழமை, மென்பொருள்காரர் பழைய கையேட்டைப் படித்துத் தொலைத்தார். அந்த அலுவலக வரலாற்றில் அதைப் படித்த முதல் மனிதர் அவர்தான். வெட்கம் தாளாமல் மென்பொருளை நாற்பதுக்கு நீட்டிவிட்டார்.

அக்கா வந்தாள். மென்பொருள் முழுப் பெயரையும் விழுங்கி ஏப்பம் விட்டது. முத்திரை குத்தும் எழுத்தர் மட்டும் புதுக் கையேட்டைப் புரட்டினார்.

“பதினாறுக்கு மேல கூடாதும்மா.”

“அதான் ஏத்துக்கிச்சே, சார்!”

“அது தெரியாம ஏத்துக்கிச்சு. நான் தெரிஞ்சே எப்படிம்மா ஏத்துக்கிறது?”

அக்கா தச்சரிடம் ரம்பம் வாங்கினாள். இடைவெளியையும் சேர்த்துப் பதினாறு எண்ணி, பலகையை அறுத்தாள். பதிவு ஆயிற்று. வாசலில் தொங்கியது: ‘அழகாகவும் அளவாகவும் கிழி’.

மறுநாள் கடைமுன் வரிசை. எல்லார் கையிலும் புத்தம் புதுக் காற்சட்டை.

“முட்டியில ரெண்டு, தொடையில ஒண்ணு, அக்கா. அளவாக் கிழிங்க.”

“நல்ல துணிடா, பாவம்!”

“நல்ல துணின்னுதான் உங்ககிட்ட வந்தோம். பழசு தானாக் கிழியுமே!”

உலை கொதித்தது. பின்வாசல் வழியாக மேலாளரும் வந்து போனார். அடுத்த வாரமே சுற்றறிக்கை: ‘அலுவலர்கள் பொதுமக்களோடு ஒன்றிப்போகும் பொருட்டு, பதினாறு சென்டிமீட்டருக்கு மேற்படாத கிழிசல் அனுமதிக்கப்படுகிறது.’ அதற்கான கையேட்டில் நாற்பது என்று அச்சாகியிருந்தது.

சிரிப்பவர்கள் முதலில் குனிந்து தங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளவும். நான் பார்த்துவிட்டேன். காற்று நன்றாக வருகிறது.