கெட்டிமேளத்துக்கு ஒரு ட்யூபா

"சிறீதரனுக்கு முன்பல்லு ரெண்டும் போயிட்டுதாம்," என்றார் மாமா சோதிலிங்கம், வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

கீர்த்தனன் மடியிலிருந்த ட்யூபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். எட்டித்தான் பார்க்க வேண்டும். பித்தளையில் செய்து ஊதுகிற வாத்தியங்களிலே அதுதான் ஆகப் பெரியது. மேல்நோக்கி விரிந்திருக்கும் அதன் வாய்க்குள் ஒரு கைக்குழந்தையை இருத்திவிடலாம்.

"எந்தச் சிறீதரன், மாமா?"

"நாதஸ்வரச் சிறீதரன். தேனுஜாவின்ரை கலியாணத்துக்கு ஊத இருந்த ஆள். பல்லில்லாமல் ஊதினால் காத்துத்தானே வரும்."

தேனுஜா மாமாவின் இளைய மகள், கீர்த்தனனின் மனைவி ஆதிரையின் ஒரே தங்கை. கலியாணம் வருகிற வெள்ளிக்கிழமை காலை, ஜெர்மனியின் கொலோன் நகரத்தில். சனிக்கிழமைக்கு மண்டபம் கிடைக்கவில்லை.

"அப்ப வேறை ஆளைப் பிடிக்கவேணுமே, மாமா."

"பிடிச்சாச்சு," என்றார் மாமா. அவருடைய கண் ட்யூபாவை விட்டு அசையவில்லை.

கீர்த்தனன் ட்யூபாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு அவனுக்கு வேறொரு டெர்மின், நாள் குறித்த சந்திப்பு, இருந்தது. அயல் நகரத்து இசைப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவன் பல வருடமாக ட்யூபா படிப்பிக்கிறான். ஆனால் அது அரையாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை. புதுப்பிப்பார்களா என்று அரையாண்டுக்கு ஒருமுறை நித்திரை போகும். இப்போதுதான் பழைய பேராசிரியர் ஓய்வுபெற்று, நிரந்தரக் கதிரை காலியாகியிருக்கிறது. தேர்வுக் குழுவின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் ட்யூபாவுக்கு இப்படிப்பட்ட கதிரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைத் தவறவிட்டால், அடுத்தது காலியாகும்போது கீர்த்தனனுக்கே முன்பல் இருக்காது.

"மாமா, அண்டைக்குத்தான் நான் வாசிச்சுக் காட்டவேணும். காலமை ஊதினால் பின்னேரம் சொண்டு மரத்துப்போகும்."

"கச்சேரி வைக்கச் சொல்லேல்லையே தம்பி. தாலி கட்டேக்கை ஒரு நிமிஷம். கெட்டிமேளம் மட்டும். தவிலுக்கு ஆள் இருக்கு."

தாலி ஏறும் நேரத்தில் யாராவது தும்மித் தொலைத்தாலும் அது ஒருவர் காதிலும் விழாதபடி முழங்குவதுதான் கெட்டிமேளத்தின் வேலை. அந்த வேலைக்கு ட்யூபாவை விடத் தோதான வாத்தியம் உலகத்தில் இல்லை என்பதைக் கீர்த்தனனால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் தப்பப் பார்த்தான்.

"ஃபோனிலை எடுத்து ஸ்பீக்கரிலை விட ஏலாதே?"

"சந்திரகாந்தியின்ரை மகளுக்கு அப்பிடித்தான் விட்டவை. தாலி கட்டேக்கை இடையிலை விளம்பரம் வந்தது. செத்தவீட்டுச் செலவுக்குக் காப்புறுதி."

"என்ரை மாணவன் ஒருத்தனை அனுப்பட்டே?"

"வெள்ளைப் பெடியன் மணவறைக்குப் பக்கத்திலை இருந்தால், சனம் அவனையெல்லோ மாப்பிள்ளை எண்டு நினைக்கும்."

குசினிக்குள்ளிருந்து ஆதிரையின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம்தானேயப்பா. அப்பா உங்களிட்டை வேறை என்னத்தைக் கேட்டவர்?"

அதுதான் கீர்த்தனனின் மனத்தாங்கலும். மாமா அவனிடம் ஒன்றுமே கேட்பதில்லை. ஊரவர் விசாரித்தால், "மருமோன் யூனிவர்சிட்டியிலை" என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். தமிழ்ச் சங்கத்தில் பாதிப்பேர் அவனை இதய வைத்தியர் என்று நம்பியிருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி அண்ணை தன் இரத்தப் பரிசோதனை முடிவையே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். 

மாமா ஒரேயொரு தடவை கச்சேரிக்கு வந்தார். பெரிய இசைக்குழு, பெரிய மண்டபம். ட்யூபா கடைசி வரிசையில், பெரிய மேளத்துக்கு அருகில். முக்கால் மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு, முடிகிற நேரத்தில் கீர்த்தனன் நாலைந்து சுரங்கள் ஊதினான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்தது தம்பி. உங்கடை முறை எப்ப வந்தது?"

பிறகு அவர் எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை. மருமகனின் தொழிலை நினைத்து வெட்கப்படுகிறார் என்று கீர்த்தனன் முடிவு கட்டிக்கொண்டான். அது அவனுக்கு நன்றாகவே வலித்தது. அப்படிப்பட்ட மனிதர் இன்று வலிய வந்து கேட்கிறார்.

"சரி மாமா. ஒரு நிமிஷம். ஊதிப்போட்டு ஓடிடுவன்."

"பின்னை என்ன," என்றார் மாமா. தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார், மனம் மாறிவிடுவானோ என்ற பயத்தில்.

வெள்ளிக்கிழமை காலை கீர்த்தனன் கோட்டுச் சூட்டோடு மண்டபத்துக்குப் போனான். மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கோலத்திலை மணவறைக்குப் பக்கத்திலை இருந்தால், கலியாணத்தைப் பதிய வந்த கந்தோர்காரர் எண்டு நினைப்பினம். இந்தாங்கோ வேட்டி."

பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம் எல்லாம் ஏறின. கழற்றிய சூட்டையும் ட்யூபாவின் உறையையும் ஆதிரையின் காரில் வைத்தான். ஒரு மூலையில் நின்று ஊதிவிட்டு நழுவுவதாகத்தான் எண்ணம். ஆனால் மேடையில், மணவறைக்கு வலப்பக்கம், சிவப்புக் கம்பளம் விரித்து ஒரு கதிரை போட்டிருந்தது. அவ்வளவு வெளிச்சமான இடத்தில் கீர்த்தனன் தொழில்முறையில் ஒருநாளும் இருந்ததில்லை.

"ஏன் மாமா இவ்வளவு முன்னுக்கு?"

"வீடியோக்காரன் கேட்டவன்," என்று சொல்லிவிட்டு மாமா அப்பால் போனார்.

"சிறீதரன் அண்ணைக்குப் பல்லு என்னண்டு போனது?" என்று பக்கத்திலிருந்த தவில்காரரிடம் கீர்த்தனன் விசாரித்தான். அவர் சிரித்தார். பிறகு தவிலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

ஐயர் வாகன நெரிசலில் மாட்டிப் பிந்தி வந்தார். அவருக்கு இன்றைக்கு இன்னொரு கலியாணமும் இருந்தது. மணமகன் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தான். மணமகள் கூறைச்சேலை மாற்ற உள்ளே போயிருந்தாள். கீர்த்தனன் நேரத்தைப் பார்த்தான். பிறகு ஐயரின் கையைப் பார்த்தான். 

இசைக்குழுவில் இருப்பவன் நடத்துநரின் கையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். கை உயர்ந்தால் மூச்சை இழுக்க வேண்டும். இறங்கினால் ஊத வேண்டும். அது எலும்பில் ஊறிய பழக்கம். ஐயரின் வலக்கை உயர்ந்தது. கீர்த்தனன் மூச்சை இழுத்தான். கை இறங்கியது. ஐயர் கேட்டது நெய்.

துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்புவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. முன்வரிசையில் குழந்தைகள் வீரிட்டன. தவில்காரரும் விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து வெளுத்துவாங்கினார். கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனத்தின் கை மூளையைக் கேட்டு அசைவதில்லை. கதைத்துக்கொண்டிருந்தவர்கள், ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கையிலிருந்த அட்சதை அறுகரிசியை மேடைக்கு வீசினார்கள். தனியே இருந்த மாப்பிள்ளை தனியே ஆசீர்வதிக்கப்பட்டான். மிச்ச அரிசி வாய் திறந்திருந்த ட்யூபாவுக்குள் போய்ச் சேர்ந்தது.

"இன்னும் பொம்பிளையே வரேல்லை," என்றார் ஐயர், அடக்கிய கோபத்தோடு.

இப்போது தட்டுகளில் அரிசி இல்லை. ஆதிரை ஓடிவந்து, கணவனோடு சேர்ந்து ட்யூபாவைக் கவிழ்த்துத் தாம்பாளத்தில் கொட்டினாள். தாம்பாளம் நிறைந்துவிட்டது. அதையே மறுபடி சபைக்குப் பங்கிட்டார்கள். 

"பாத்தியளே, ஒரு மணியும் வீண் போகேல்லை," என்றார் மாமா பெருமையாக.

மணமகள் வந்தாள். இம்முறை கீர்த்தனன் ஐயரின் கையை நம்பாமல் வாயை நம்பினான். "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்று ஐயரே கூவியபிறகுதான் ஊதினான். ஆனால் எங்கள் தாலிக்கொடி கனமான பொன் சங்கிலி. முடிச்சுப் போடுவதில்லை, கழுத்துக்குப் பின்னால் சுரை திருகிப் பூட்ட வேண்டும். மாப்பிள்ளை திருகித் திருகிப் பார்த்தான். சுரை ஏறவில்லை. தோழன் குனிந்து பார்த்தான், மாப்பிள்ளையின் தமக்கை குனிந்து பார்த்தாள், வீடியோக்காரனும் குனிந்து பார்த்தான். சுரை பூட்டும்வரை மேளம் நிற்கக்கூடாது. ஒரு நிமிடம் என்று பேசிய ஒப்பந்தம் பறந்துபோனது. கீர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் வெடிக்க ஊதினான். அரிசி மழையாகக் கொட்டியது. ஒருவழியாகச் சுரை ஏறியபோது அவனுக்கு மேல் சொண்டு இருக்கிற இடமே தெரியவில்லை.

ட்யூபாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். ஆதிரையின் காரைக் காணவில்லை.

"ஐயருக்கு அடுத்த கலியாணத்துக்கு நேரம் போச்சு தம்பி," என்றார் மாமா. "நான்தான் பக்கத்து வீட்டுப் பெடியன் முகுந்தனிட்டைக் கார்த் திறப்பைக் குடுத்து அவரை ஏத்தி அனுப்பினனான். கோவிக்கிறியளே?"

காருக்குள் சூட்டு. காருக்குள் உறை. கோபப்படக்கூட நேரமில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ட்யூபாவை நெஞ்சோடு அணைத்து, கீர்த்தனன் ரயிலைப் பிடித்தான். எதிரே இருந்த கிழவர் அவனை அனுதாபத்தோடு பார்த்து, "மாறுவேடக் கார்னிவல் எப்போதோ முடிந்துவிட்டது, தெரியுமா?" என்றார்.

தேர்வுக் குழுவின் தலைவி பேராசிரியை எவ்லின். இசையுலகில் அவர் சிரித்துப் பார்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. வேட்டி, சந்தனம், வெற்று மார்பின்மேல் சால்வை, எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தொடங்குங்கள்," என்றார்.

அவன் தெரிந்தெடுத்த இசைத்துண்டு மிக மெதுவான, மிகத் தாழ்ந்த ஒரு சுரத்தில் தொடங்கும். அதை அவன் ஊதியபோது அடியிலிருந்து "சரசர" என்று ஒரு சத்தம் சேர்ந்து வந்தது. கீர்த்தனனுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாந்தரம் கொட்டிய அரிசியை ஒருவரும் கவிழ்க்கவில்லை. 

மெதுவாக ஊதினால் அரிசி முணுமுணுத்தது. உரத்து ஊதினால் கூட்டமாகத் துள்ளியது. இடையில் நிறுத்திவிட்டுப் பேராசிரியர் பதவி கேட்கிறவன் தன் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுப்ப முடியாது. எல்லாம் போச்சு என்று மனதுக்குள் அழுதுகொண்டே ஊதினான். இழக்க ஒன்றுமில்லை என்றானபிறகு, மரத்த சொண்டுகூடச் சொன்னபடி கேட்டது. ஒரு கட்டத்தில் அரிசி எங்கே துள்ளும் என்று பார்த்து, அதற்கு இடம் விட்டும் ஊதினான்.

முடிந்தது. கீர்த்தனன் ட்யூபாவோடு எழுந்து, குழுவின் மேசையருகே வந்து, மரியாதையாகக் குனிந்து வணங்கினான். அங்கேதான் பிழை நடந்தது. மஞ்சள் அரிசியும் ரோசாப்பூ இதழ்களும் ஒரு முழு வெற்றிலையும் எவ்லினின் காகிதங்களின்மேல் சரிந்து விழுந்தன.

எவ்லின் ஒரு அரிசியைக் கிள்ளியெடுத்தார். "இது என்ன?"

"ஆசீர்வாதம்," என்றான் கீர்த்தனன். பொய் சொல்லத் தெம்பில்லை. "இன்று காலை என் மைத்துனிக்குக் கலியாணம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

மேசையின் ஓரத்திலிருந்த வயதான உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கினார். "நீள அரிசியா, குட்டை அரிசியா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கீர்த்தனன் மண்டபத்துக்குத் திரும்பியபோது பின்னேர வரவேற்பு தொடங்கியிருந்தது. வாசலிலேயே ஃபோன் அடித்தது. எவ்லின்.

"இன்னும் எழுத்தில் வரவில்லை, ஆனால் காத்திருக்க வைக்க விரும்பவில்லை. மற்ற இரண்டு விண்ணப்பதாரரும் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று இப்போது குழுவில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. உங்கள் பெயர்தான் முதலாவது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் கைப்பைக்குள் இன்னும் அரிசி இருக்கிறது. அதைக் கொட்டக்கூடாது அல்லவா?"

"கொட்டக்கூடாது," என்றான் கீர்த்தனன்.

மாமாவிடம் சொல்ல வேண்டும். மாமா கொடுத்தனுப்பிய காரும் அவர் போட்ட மேடைக் கதிரையும் சிறீதரனின் விழுந்த பல்லும் இல்லாதிருந்தால் இன்று நிம்மதியாக வாசித்திருப்பான் என்றும், நிம்மதியாக வாசித்துத் தோற்றிருப்பான் என்றும் சொல்ல வேண்டும். தேடிக்கொண்டு போனபோது, பலகார மேசையருகே நின்ற ஒரு தடித்த மனிதர் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றக் கையில் முறுக்கு.

"காலமை மூண்டாம் வரிசையிலை இருந்து கேட்டனான் தம்பி. அந்தமாதிரி ஊதினீங்கள். நான் சிறீதரன், நாதஸ்வரம்."

சொல்லிவிட்டு முறுக்கை முன்பற்களால் கடக்கென்று கடித்தார். வெள்ளை வெளேரென்று இரண்டும் இருந்தன.

"அண்ணை," என்றான் கீர்த்தனன், "உங்கடை பல்லுக்கு என்ன நடந்தது?"

"என்ரை பல்லுக்கு என்ன? உங்கடை மாமாவெல்லோ மாசி மாசமே ஃபோன் எடுத்து, 'சிறீதரன், நீ கலியாணத்துக்குச் சாப்பிட மட்டும் வா, என்ரை மருமோனை வெள்ளைக்காரர் எந்தநாளும் பின்னுக்குத்தான் இருத்தி வைச்சிருக்கிறாங்கள், நான் ஒருக்கா முன்னுக்கு இருத்திப் பாக்கவேணும்' எண்டு சொன்னவர்."